கரை இல்லாத படங்கள்

முதலில் தெரிந்தது டானியலின் இடது தோளில் இருந்த கன்றல். அது ஆறுவதற்குள் அதே இடத்தில் இன்னொன்று வந்தது. என் அக்கா வீட்டு வாசல் நிலையில் போகவர இடித்துக்கொண்டார். வலது தோளில் ஒரு சிராய்ப்பும் இல்லை.

"வெள்ளைக்காரர் விடியலயே போட்டுட்டாரோ தம்பி?" என்று அக்கா கேட்டாள். அவர் குடிப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும். வேறு காரணம் அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது ஒரே பக்கமாக இடித்துக்கொண்டால், வயது போய்விட்டது, கவனமில்லை என்று விட்டுவிடாதீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். லொறியில் கிளீனராக, கட்டாரில் கூலியாக, முல்லைத்தீவில் மீன்வாடியில் என்று திரிந்து, கடைசியில் மட்டக்களப்பு வாவியில் தோணி வலித்துக்கொண்டிருந்தேன். அதுவரை ஓரிடத்தில் ஒரு வருடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை.

டானியல் அமெரிக்காவில் ஓவியராக இருந்தவர். சமாதானப் பேச்சு நடந்த காலத்தில், பிள்ளைகளுக்குப் படம் கீறப் பழக்க ஒரு தொண்டு நிறுவனம் அவரைக் கூட்டிவந்தது. அந்த வேலை முடிந்த பிறகும் போகாமல், புளியந்தீவில் அக்கா வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தார். என் தோணியில் வாவிக்குள் போய்க் கீறுவார். கட்டாரில் பொறுக்கிய ஆங்கிலம் எங்கள் பேச்சுக்குப் போதும்.

முப்பது வயதில் சுவரளவு படங்கள் கீறிப் பெயரெடுத்தாராம். பத்து வருடத்தில் அந்த மாதிரிப் படத்தைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. பிறகு அடுத்தவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்துச் சாப்பிட்டார். "அதே கை, பெரிய தூரிகை," என்பார். அதில் அவருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

சண்டை திரும்பவும் தொடங்கியது. கரையோரக் காவலரணில் ஒரு சிப்பாய் எங்களை மறித்து, படத்தை வாங்கிப் பார்த்தான்.

"கேம்ப் கீற வேணாம். பாலம் வேணாம். கரை வேணாம்," என்றான், தெரிந்த தமிழில்.

"அப்ப என்னத்தக் கீறுற, சேர்?"

"தண்ணி இருக்குத்தானே."

அன்றிலிருந்து டானியல் தண்ணீரை மட்டும் கீறினார். அக்காவுக்கு அது பெரிய பகிடி. "எத்தின மாசமாத் தண்ணி! ஒரு மீனயெண்டாலும் போடச் சொல்லு தம்பி. கறியாவது கண்ணால பாப்பம்."

போகப் போகப் படங்களின் ஓரங்கள் கறுத்தன. முதலில் இடது பக்கம், பிறகு சுற்றிவர. நடுவில் ஒரு தட்டளவு தண்ணீர்தான் வெளிச்சமாக மிஞ்சியது. கேட்டால், "ஓரத்தில் ஒன்றும் இல்லை," என்பார். சிப்பாய்க்குப் பயந்து ஓரங்களைக் கீறாமல் விடுகிறார் என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் கதைக்கும்போது பாதியை விட்டுவிட்டுத்தான் கதைப்போம். அவரும் பழகிவிட்டார் என்று எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

அந்தப் படங்களை நியூயோர்க்கில் ஒரு படக்கடைக்கு அனுப்பினார். ஒருநாள் கொமினிக்கேஷன் கடைத் தொலைபேசியில் படக்கடை அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது. எல்லாம் விற்றுவிட்டனவாம். போரைக் காட்டாமலே போரைக் கீறும் ஓவியர் என்று பத்திரிகைகள் எழுதினவாம். இன்னும் அனுப்பட்டுமாம், இன்னும் இருட்டாக.

டானியல் சிரித்தபடி வெளியே வந்து, கதவில் இடது தோளை இடித்தார். "சந்தோஷத்தில் கதவு தெரியவில்லை," என்றார். நானும் சிரித்தேன்.

அடுத்த கிழமை சோதனைச் சாவடியில் இடப்பக்கம் நின்ற சிப்பாய் கைகாட்டினான். டானியல் நடந்துகொண்டே போனார். சிப்பாயின் துவக்கு குறிபார்த்து நிமிர்ந்தது. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பேரும் தாரில் விழுந்தோம்.

"அவன் எங்கே நின்றான்?" என்று அவர் கேட்டார். அவன் கைக்கெட்டும் தூரத்தில் நின்றான்.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் டொக்டர் அவர் முன்னால் விரலை ஆட்டி, மெல்லப் பக்கவாட்டில் கொண்டுபோனார். அதிக தூரம் போகுமுன்பே அவருக்கு விரல் தெரியாமல் போனது. கிளோக்கோமா (கண்ணுக்குள் நீரின் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சங் கொஞ்சமாகச் சாகும் நோய்) என்றார். வலி இருக்காது, பெரும்பாலும் ஓரப் பார்வைதான் முதலில் போகும், அதனால் பலருக்குத் தெரியவே தெரியாது என்றார்.

"போனது திரும்புமா டொக்டர்?"

"திரும்பாது. இடது கண் முடிஞ்சு போச்சு. வலதில இருக்கிறத வச்சிருக்கப் பாப்பம்."

வீட்டுக்கு வந்ததும், கையிலிருந்த படங்களைக் கீறிய வரிசையில் சுவரோடு சாத்தி வைக்கச் சொன்னார். தலையைத் திருப்பித் திருப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். இருட்டு இடமிருந்து வந்து மூடுவது வரிசையாகத் தெரிந்தது. அவர் கண்டதைக் கண்டபடியே கீறியிருந்தார்.

"இது போர் இல்லை," என்றார்.

படக்கடை அம்மாவிடமும் அதைச் சொன்னார். இப்போதைக்கு இதை வெளியே சொல்ல வேண்டாம் என்றார் அந்த அம்மா.

சொட்டு மருந்து விட்டோம். விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொண்டு இருக்கவேண்டும். பாதை பூட்டிய நாட்களில் மருந்து வரவில்லை. அழுத்தம் ஏறியது. கொழும்பில் சத்திரசிகிச்சை (கண்ணுக்குள் தேங்கும் நீர் வடிய வழி திறப்பது) செய்யலாம் என்றார்கள். நரம்பு மிகவும் நலிந்திருப்பதால், மிச்சப் பார்வை அதோடேயே அணைந்துபோகவும் கூடும் என்று பெரிய டொக்டர் மறைக்காமல் சொன்னார். டானியல் கையெழுத்து வைத்தார். அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் வைத்திருப்பேன்.

சத்திரசிகிச்சை முடிந்து கண்கட்டை அவிழ்த்த காலையில் டொக்டர் கருவியை வைத்து அளந்தார். "அழுத்தம் நல்லாக் குறைஞ்சிருக்கு."

"நல்லது. விளக்கைப் போடுங்கள்," என்றார் டானியல்.

அறையில் வெயில் இருந்தது.

அமெரிக்காவில் அவருக்கு மகள் இருக்கிறாள். போய் அவளுக்குச் சுமையாக இருக்கமாட்டேன் என்கிறார். படக்கடைக்கு இனிப் படம் இல்லை என்று நான்தான் சொன்னேன். "அப்படியென்றால் இருக்கும் படங்களுக்கு இன்னும் மதிப்பு," என்றார் அந்த அம்மா. அதை நான் டானியலிடம் சொல்லவில்லை.

பகல் எது, இரவு எது என்று அவர் ஓசையை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். நடுச்சாமத்தில் ஷெல் விழுந்தால் எழும்பி, விடிந்துவிட்டதா என்று கேட்கிறார். மருந்தால் இனிப் பயனில்லை. ஆனாலும் மருந்து விடும் நேரம் வந்தால் கண்ணை மூடி, மூக்கோரத்தை அழுத்திக்கொண்டு இருக்கிறார். நானும் பக்கத்தில் இருக்கிறேன்.

வெளியே போனால் அவருடைய இடது பக்கம் நடப்பேன். வாசல் நிலை வருமுன் தோளைப் பிடிப்பேன். காவலரண் வருமுன், "நில்லுங்க," என்பேன்.

"எங்கயும் நிக்காத மனிசன, நில்லு நில்லெண்டு சொல்ல வச்சிட்டானே கடவுள்," என்கிறாள் அக்கா.

தனியாகப் போகும்போதும் என் தலை இடப்பக்கமே திரும்பியிருக்கிறது. வலப்பக்கம் ஓர் ஆள் நடக்க இடம் விட்டே நடக்கிறேன். காவலரண் இல்லாத, யாரும் கைகாட்டாத வெறும் தெருவிலும் என் கால் நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.