பெரியப்பா விழுந்ததாகச் சொன்ன பாதை

என் நாவலில் கதை சொல்பவன், மலைப்பாதையில் அண்ணனைப் பறிகொடுத்த ஒரு தம்பி. அந்தத் தம்பி என் அப்பாதான். எழுபது ஆண்டுகளுக்கு முன், பாச்சலூரிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில் பெரியப்பா வழுக்கி விழுந்து இறந்தார் என்று சொல்லிச் சொல்லி அழுவார். ஒருமுறை மழை என்பார், ஒருமுறை பனிமூட்டம் என்பார். துக்கத்தில் குழம்புகிறார் என்று நினைத்து, பொருந்தாததையெல்லாம் நானே சரிசெய்து எழுதினேன். அண்ணன் கழுத்தில் ஒரு பச்சை மப்ளரையும் என் பங்குக்குச் சுற்றிவிட்டேன்.

நாவல் வந்த மூன்றாம் மாதம், கொடைக்கானல் பக்கத்துக் கவுஞ்சியிலிருந்து அறுபது வயதுப் பெண்மணி ஒருவர் வீடு தேடி வந்தார். பையிலிருந்து என் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“தம்பி, உங்க பெரியப்பா விழுந்து சாகலை. அவருதான் எங்கப்பா.”

அவர் நிறுத்தவில்லை.

“அவருக்குக் குஷ்டம் வந்துருச்சு. வெளிய தெரிஞ்சா தங்கச்சி கல்யாணம் நின்னுபோகும்னு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போற மாதிரி கூட்டிப்போயி, பாதிக் காட்டுல விட்டுட்டாரு உங்கப்பா. மிஷன் ஆளுக தூக்கிட்டுப் போயி கொணமாக்குனாங்க. பெறகு கவுஞ்சில பூண்டு போட்டுப் பொழச்சாரு.”

“திரும்பி வரவே இல்லீங்களா?”

“வந்தாரு. ‘எங்கண்ணன் செத்துப்போனான், நீ யாரு’ன்னு வாசல்லயே கேட்டுட்டாரு உங்கப்பா.”

ஒரு புகைப்படத்தை நீட்டினார். அப்பாவின் அதே முகம். விரல்கள் மட்டும் மடங்கியிருந்தன.

அடுத்த அறையில் படுத்திருந்த அப்பாவிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்கு எண்பத்தெட்டு வயது.

“இது யாருப்பா?”

வெகுநேரம் பார்த்தார். பிறகு தெளிவாகச் சொன்னார்: “எங்கண்ணன் விழுந்துட்டான்டா. பச்சை மப்ளரு மட்டும் செடியில மாட்டிக் கெடந்துச்சு.”

அந்த மப்ளர் உலகத்தில் இருந்ததே இல்லை. தன் பொய்க்கு வேண்டிய சாட்சியை என் புத்தகத்திலிருந்தே எடுத்துக்கொண்டுவிட்டார்.

கதவோரம் நின்று அந்தப் பெண்மணி கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் பதிப்பை நிறுத்திவிடுகிறேன், எல்லாவற்றையும் மாற்றி எழுதுகிறேன் என்று நான் ஏதேதோ உளறினேன்.

“எழுதுறது கெடக்கட்டும் தம்பி,” என்றார் அவர். “எங்கப்பா சாகுறப்ப இதெல்லாம் என்கிட்ட மட்டும்தான் சொன்னாரு. எங்கம்மா இன்னும் இருக்காங்க. அவருக்குச் சொந்தம்னு ஒருத்தரும் இல்லைன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. மொதல்ல வந்து அவங்களப் பாருங்க.”

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கவுஞ்சிக்குப் போனேன். அப்பாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.