மரத்தில் பால் எடுத்த கதை

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கு என்னைத் தற்காலிக ஆசிரியராக அனுப்பினார்கள். கீழே, நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில், என் ஜோக்குகளுக்குத் தனி மவுசு உண்டு. மேலே வந்ததும் அவை குளிரில் விறைத்துப்போயின. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் காலையில் ஒரே குரலில் வணக்கம் சொல்வார்கள், அதோடு சரி. மணி அடித்ததும் பனிக்குள், வரிசையாய் நின்ற லயத்து வீடுகளுக்கு ஓடிப்போவார்கள். நான் என் அறைக்குப் போய், மிச்சமிருந்த ஜோக்குகளைச் சோற்றுப் பானைக்குச் சொல்வேன். அது கொதித்ததே தவிர சிரித்ததில்லை.

ஒருநாள் நல்ல மழை. யாராவது என்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டார்களா என்றுதான் கதை சொல்ல ஆரம்பித்தேன். விடியுமுன் அம்மாவோடு ரப்பர் காட்டுக்குப் போனது, அம்மா மரப்பட்டையைச் சீவியது, மங்குக் கிண்ணத்தில் சொட்டிய பாலை நான் வாளியில் ஊற்றிச் சுமந்தது. எங்கள் தோட்டத்தில் பால் என்றால் ரப்பர் பால்தான். இந்தப் பிள்ளைகள் தேயிலைத் தோட்டத்தைத் தவிர வேறு தோட்டம் பார்க்காதவர்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். அந்த வகுப்பில் உயர்ந்த முதல் கை அது.

"சார், அந்தப் பால்ல தேத்தண்ணி கலக்கலாமா?"

அவசரமாக விளக்கினேன். லாரி டயரே அந்தப் பாலில்தான் செய்கிறார்கள் என்றேன். அதுதான் வினை.

"சார் நல்லா ரீல் விடுறாருலா," என்றான் பின்வரிசைக்காரன் ஒருவன்.

மறுநாள் முதல் நான் 'புளுகு சார்'. அவர்களும் போட்டிக்குப் புளுகினார்கள். ஒருத்தி வீட்டுச் சேவல் கங்காணியைப் பார்த்தால் மட்டும் கூவுமாம். காலை முழுக்கப் பேச ஆள் இருந்தது. மத்தியானத்துக்கு மேல்தான் பொழுது நகராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா இருக்கப் பிடிக்காமல் தானா ராத்தா டவுன் பஸ் நிலையத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எந்தப் பஸ்ஸும் பிடிக்க வேண்டியதில்லை. அந்த முன்வரிசைப் பெண்ணின் அம்மா, கொழுந்து பறிப்பவர், மகளோடு அருகில் வந்தார்.

"புளுகு சார் நீங்கதானா?"

பட்டமளிப்பு விழாவில் பெயர் கூப்பிட்ட மாதிரி எழுந்து நின்றேன்.

"நானும் ரப்பர் தோட்டத்துப் பொண்ணுதான் சார். கட்டிக்கிட்டு மேல வந்தேன். பால், மங்குன்னு நான் சொன்னா வீட்டுல ஒருத்தரும் நம்புறதில்ல, சிரிப்பாங்க. நானும் சொல்றத விட்டுட்டேன். அன்னிக்கு இவ வந்து, 'எங்க சாரும் ஒன்ன மாதிரியே புளுகுறாரும்மா'ங்கிறா."

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"கட்டிப்பால் நாத்தம் ஞாபகம் இருக்கா சார்?"

மங்கில் உறைந்து புளித்த அந்தப் பாலின் நாற்றம் சட்டையில் ஏறி, படம் பார்க்கப் போன இடத்தில் என்னைச் சுற்றி நாற்காலிகள் காலியானதைச் சொன்னேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"அம்மா, பஸ் வந்திருச்சு," என்றாள் மகள்.

"அடுத்ததுல போலாம்டி. நீங்க சொல்லுங்க சார்."