மத்தி வேறு, கவலை வேறு

செத்த மீனின் கண்ணைப் பார்த்தே அது எந்தக் கரையில் பிடிபட்டது என்று சொல்லிவிடுவேன். திருவண்ணாமலையில் அப்படிச் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது.

பொய். கண்ணாடி போடாவிட்டால் எனக்கு மீனுக்கும் ரப்பர் செருப்புக்கும் வித்தியாசம் தெரியாது. கடலையே ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், கல்யாணமான புதிதில், பாண்டிச்சேரியில். மனைவி தைரியமாக அலையில் போய் நின்றாள். நான் மணலில் நின்று அவள் கைப்பைக்குக் காவல் இருந்தேன். இப்படிப்பட்டவன்தான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடல் மீன் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் அவ்வளவாகப் பழக்கம் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எழுதுவதும் அதே வேகம்தான்.

போன வருஷம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். கீழ்பென்னாத்தூர் பக்கம் விவசாயக் குடும்பம், காலேஜில் ஆராய்ச்சி செய்கிறாள்.

“பாய், கவலை வேணும்.”

எங்கள் பக்கத்தில் அந்தச் சின்ன வெள்ளி மீனுக்குக் கவலை என்றுதான் பேர். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

“வீட்டுக்கு வாம்மா, மூட்டை மூட்டையா கெடக்கு.”

சிரித்துவிட்டுச் சொன்னாள்: “மீன நீங்களே வித்துக்கங்க பாய். வெட்டும்போது வர்ற கொடல் மட்டும் எனக்குப் போதும்.”

“ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்திருக்கியா? அங்க தங்குறவங்க மாதிரி தெருநாய்ங்களுக்குப் போடவா?”

“நாய்க்கு இல்ல. கடலுக்கு ஒடம்பு சரியில்ல. என்ன கோளாறுன்னு பாக்குறோம்.”

“கடலுக்கே செக்கப்பா! சக்கரை பாத்தீங்களா?”

“உப்புதான் ஜாஸ்தியா இருக்கு,” என்றாள் பட்டென்று. அன்றிலிருந்து அவள் எனக்குப் பிடித்த கஸ்டமர், எதையும் வாங்காத கஸ்டமர்.

அவளோடு இருப்பவர்கள் கடலூர்க் கரையில் தண்ணீரும் மண்ணும் எடுக்கிறார்களாம். கரையிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கிற ஊருக்கு மீனோடு சேர்ந்து வேறு என்ன வருகிறது என்று பார்ப்பது இவள் பங்கு. மாதா மாதம் வருவாள். ஒருநாள் பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தாள். குடலுக்குள் முடி மாதிரி ஒரு நீல நூல், பக்கத்தில் பச்சையாக ஒரு துணுக்கு.

“நூலு, வலையில இருந்து அறுந்ததா இருக்கலாம். பச்சை, கேரி பேக்கு மாதிரி தெரியுது.”

“இது கடல்காரங்க பண்ற வேலை. நம்ம ஊருக்கும் கடலுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“நம்ம சாக்கடை எங்க போவுது பாய்? துரிஞ்சலாத்துல எறங்கி, தென்பெண்ணையில சேந்து, கடலூர்கிட்ட கடல்ல விழுது. பௌர்ணமிக்குப் போடுற டீ கப்பு, தண்ணி பாக்கெட்டு எல்லாம் அதே ரூட்டுதான்.”

பௌர்ணமி அன்றைக்கு எனக்கு வியாபாரம் இருக்காது. ஊரே மலையைச் சுற்றும்போது நானும் போய் ஓரமாக நின்று டீ குடித்துவிட்டுக் கப்பை வீசுகிறவன்தான். வாயை மூடிக்கொண்டேன். என் வாய் மூடியதை என் மனைவி பார்த்திருந்தால் பிரியாணி போட்டிருப்பாள்.

அப்புறம் மீன்பிடித் தடைகாலம் வந்தது. பெரிய போட்டுகள் கடலுக்குப் போகாது. அவளுக்கு அந்த மாதங்கள்தான் முக்கியம்.

“போட்டு போவாத நேரத்துல மீனு வயிறு கொஞ்சமாச்சும் சுத்தமாவுதான்னு பாக்கணும் பாய். இத விட்டா என் ஆராய்ச்சிக்கு அர்த்தமே இல்ல.”

“நான் இருக்கேன்,” என்றேன். சொன்னபடி போன மாதம் டப்பா நிறையக் குடல் கொடுத்தேன். இந்த மாதமும் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு அம்மா வந்து மீன் நல்லா இருக்குமா என்று கேட்டார். நானும் ராகம் போட்டுக் கூவினேன்:

“வாங்கம்மா, கேரளா மத்தி! கொழுப்பு ஜாஸ்தி, முள்ளு கம்மி!”

ஆராய்ச்சிக்காரப் பெண் டப்பாவைக் கீழே வைத்தாள். “பாய், இது எங்கிருந்து வந்துது?”

“கேரளாவுல இருந்து. தடைகாலத்துல அங்கிருந்துதான் வரும். அவங்க மத்தின்னுவாங்க, நாம கவலைன்னுவோம். ஒரே மீனுதாம்மா.”

“மீனு ஒண்ணுதான் பாய். கடல் வேற. அது அந்தப் பக்கத்துக் கடல்.”

எனக்கு அதுவரை கடல் என்றால் கடல்தான். அதிலும் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று தனித்தனி வீடு இருக்கும் என்று யார் கண்டது? கண்ணைப் பார்த்தே கரையைச் சொல்கிறவனின் லட்சணம் அது. அவள் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“உங்க தப்பு இல்ல பாய். நான்தான் கேக்காம விட்டுட்டேன்,” என்றாள். போன மாதம் போனது போனதுதான். இந்த மாதமும் போனால் அவள் வேலை மொத்தமும் வீண்.

உடனே வழக்கமாக எனக்கு மீன் அனுப்புகிற கடலூர் ஏஜெண்டுக்குப் போன் போட்டேன்.

“தடையில கவலையா? உனக்கு இருக்குற கவலை பத்தலையா பாய்?” என்று சிரித்தான். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். கரையோரமாகச் சின்ன ஃபைபர் படகில் வலை போடுகிற ஒருத்தரைப் பிடித்துத் தருவதாகவும், கிடைத்தால் பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிடுவதாகவும் சொன்னான். தினமும் ஒரே பதில்தான்: “இன்னைக்கும் வலையில மாட்டல பாய்.”

நாளையோடு தடைகாலம் முடிகிறது. இன்று காலையிலிருந்து அவன் போனையே எடுக்கவில்லை. அவள் என் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் நான் இதை எழுத உட்கார்ந்தேன். நேற்று அவள் அப்பா நிலத்திலிருந்து போன் செய்தார். “பாய், பாப்பா ரெண்டு நாளா சரியா சாப்பிடல. அந்த மீனு கெடைச்சுடுமா?” என்று கேட்டார். நான் பெரிய மனுஷன் மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “ஐயா, நீங்க ஒண்ணும்…”

“பாய்! எழுதுனது போதும்! கடலூர் பஸ்ஸு வந்துடுச்சு, கண்டக்டர் பொட்டிய எறக்குறாரு! கத்திய எடுத்துக்கிட்டு ஓடியாங்க!”