கைக்குள் உப்பு

மீன் குழம்புக்குக் கல்லுப்பை அள்ளுகிறேன், மொபைல் அடிக்கிறது. அதற்கு எப்படித்தான் தெரியுமோ! பாரீஸிலிருந்து மகள். உப்போடு வலக்கையை மூடிக்கொண்டு, இடக்கையால் எடுக்கிறேன்.

இது அம்மாவிடமிருந்து வந்த பழக்கம். அப்பா பிரான்சில் வேலை பார்த்த காலம். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் எதிர்வீட்டு சாய்ரா அத்தையிடம் மட்டும்தான் போன். "அக்கா, பிரான்ஸ் போன்!" என்று ஜன்னலிலிருந்து அவர் கத்தினால், அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கைக்குள் உப்போடு ஓடினாள். பின்னாலேயே நானும். இந்த வருஷமும் லீவு இல்லை என்று அப்பா சொல்ல, அம்மாவின் கண் வழிந்தது. ஒரு கையில் ரிசீவர், மறு கையில் உப்பு. சாய்ரா அத்தைதான் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

போனை வைத்ததும் கேட்டார்: "அந்த உப்ப எங்கியாவது கொட்டிட்டுப் பேசக்கூடாதாக்கா?"

"கொட்டிட்டா, கொழம்புல போட்டனா இல்லியான்னு எனக்கு எப்படித் தெரியும்?" அழுகையோடே சிரித்தாள் அம்மா.

வீட்டுக்கு வந்து, வியர்வையில் பாதி கரைந்திருந்த அந்த உப்பைக் குழம்பில் உதறினாள். அன்று உப்பு கொஞ்சம் குறைவுதான். நானும் தம்பியும் தட்டை வழித்துச் சாப்பிட்டோம்.

மொபைல் திரையில் மகள் என் மூடிய கையைப் பார்த்துவிட்டாள்.

"உப்பாம்மா? போட்டுட்டு வா. நான் லைன்லயே இருக்கேன்."

போட்டேன். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு நிதானமாக வந்தேன்.

இருந்தாள்.