மாசிக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை

போன வாரம் குன்றத்தூர் காய்கறிக் கடையில் பூசணி ஒரு கீற்று கேட்டேன். கடைக்காரர் வழக்கம்போல வெள்ளைப் பூசணியின் மேல் கத்தியை வைத்தார். அது இல்லை, மஞ்சள் என்று கையைக் காட்டினேன். “அத்தப் பரங்கினு கேளுக்கா. எத்தினி வாட்டி சொல்றது? நீ இன்னா தெக்கத்திக்காரியா?” என்று சலித்துக்கொண்டே வெட்டிக் கொடுத்தார். நான் தெற்கத்திக்காரி இல்லை. செய்யாறு பக்கம்; பரங்கி பரங்கி என்று சொல்லியே வளர்ந்தவள். ஆனால் அந்தக் கடை முன்னால் நின்றால் என் வாயில் வருவது அக்காவின் சொல்தான்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. பிள்ளைப்பாக்கத்தில் ஒரு மாடி அறையில் என்னோடு குடியிருந்தவள். திருநெல்வேலிப் பக்கம். ஒரே கம்பெனி, ஒரே லைன், ஆனால் எதிரெதிர் ஷிப்ட். அவள் பகல் என்றால் நான் இரவு. வாரம் மாறினால் இருவருக்கும் சேர்ந்தே மாறும். ஒரே அறையில் இருந்துகொண்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க ஞாயிற்றுக்கிழமை வரவேண்டும். இதற்குப் பெயர் கூட்டுக் குடித்தனமாம், என்ன கொடுமை! அறைக்கு இருந்ததோ ஒரே சாவி. ஒரு கூட்டம் உள்ளே போக, ஒரு கூட்டம் வெளியே வர, கம்பெனி வாசலில் அந்தச் சாவி கை மாறும். சாவியோடு அவள் ஒரு வாக்கியமும் தருவாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் கேட்க மாட்டாள். எல்லாம் மொட்டைமாடிச் செடியைப் பற்றித்தான்.

காலி பெயின்ட் வாளிகளில் அவள் வைத்த தோட்டம் அது. வீட்டுக்காரர் முதலில் ஒப்புக்கொள்ளவே இல்லை. தளம் ஒழுகும் என்றார். கடைசியில், ஆயுத பூஜைக்குத் தன் குட்டியானை சரக்கு வண்டி முன்னால் உடைக்க ஒரு பூசணி விளைத்துக் கொடுத்தால் சரி என்று இறங்கி வந்தார். அக்கா ஊருக்குப் போய் விதை கொண்டுவந்தாள். ஆடியில் ஊன்றினோம். “ஏட்டி, விதைய ரொம்ப ஆழத்துல புதைச்சிராத, மூச்சு முட்டிரும்.” ஆவணியில் பந்தலுக்குப் பழைய துப்பட்டாக்களை முறுக்கிக் கட்டினோம். பிறகு பூத்தது. “விடியக்காலம் ஆம்பளப் பூவப் பறிச்சிப் பொம்பளப் பூவுல தடவிரு, மறந்துராத.” வாசல் முழுக்கக் கேட்கிற மாதிரி இதைச் சொல்லிவிட்டு அவள் போய்விடுவாள். சுற்றி நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு மானமே போயிற்று. ஆனாலும் மறுநாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு போய்த் தடவினேன்.

இலையைப் பார்த்து எது என்ன கொடி என்று சொல்லும் அறிவு எனக்குப் போதாது. காய் பழுத்து மஞ்சளடித்த பிறகுதான் இது வெள்ளைப் பூசணி இல்லை என்று உறைத்தது. ஆயுத பூஜைக்கு வீட்டுக்காரர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். “இன்னாம்மா இது, பரங்கிக்கா வச்சிக்கினு கீறீங்க? இத்த வண்டி முன்னாடி ஒடச்சா ஊரே சிரிக்கும்!” அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “பூசணின்னுதானே சொன்னிய அண்ணாச்சி? நீங்க சொல்லுதது தடியங்கால்லா!” என்றாள். அவள் ஊரில் மஞ்சள்தான் பூசணி; வெள்ளைக்குப் பெயர் தடியங்காய். அவர் தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனார். அன்று விடுமுறை. பாதிக் காயைக் கீழே கொடுத்துவிட்டு மீதியில் புளிக்கறி வைத்தோம். இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட மிகச் சில நாட்களில் அது ஒன்று.

ஐப்பசி மழைக்கு முன்னால் வாளிகளின் அடியில் ஓட்டை போட்டோம். கார்த்திகை பிறந்ததும் அந்தக் காயின் விதையையே மறுபடி ஊன்றினோம். மார்கழிக் கோலத்துக்குப் பூக் கிடைக்கும் என்று வீட்டுக்காரம்மாவே கேட்டிருந்தார். அதற்குள் கம்பெனியில் பேச்சு கிளம்பிவிட்டது. அக்கா கான்ட்ராக்ட்டில் இருந்தவள். தை வந்தால் நீட்டிப்பார்களா, அனுப்பிவிடுவார்களா தெரியாது. சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டால் “மேல இருந்து வரணும்மா” என்றார். அக்காவிடம் கேட்டால், “தைல பாத்துக்கிடலாம்ட்டி” என்று பூவைப் பார்க்கப் போய்விடுவாள்.

மார்கழிக் கடைசியில் ஒருநாள் மாலை நான் வெளியே வருகிறேன், அவள் இரவு வேலைக்கு வந்தவள்போல வாசலில் நிற்கிறாள். சாவியைக் கையில் வைத்து அழுத்தினாள். “தை பிறந்ததும் கொடிய அறுத்துப் போட்டுரு. வேரப் பிடுங்காத, மண்ணுலயே மக்கட்டும்.” அவ்வளவுதான். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது அவள் பாய் இருந்த இடம் காலியாக இருந்தது. அன்று காலை ஷிப்ட் முடிந்ததுமே அவள் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள் என்று பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். சாவியை என்னிடம் கொடுக்கவே வாசலில் காத்து நின்றிருக்கிறாள். மாடிக்கு ஓடினேன். வாளிகள் எல்லாம் நனைந்திருந்தன. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

சில மாதம் போனில் பேசினோம். பிறகு அந்த எண்ணில் வேறு யாரோ எடுத்தார்கள். நான் கல்யாணமாகிக் குன்றத்தூர் வந்துவிட்டேன். இங்கும் மாடி இருக்கிறது, வாளிகள் இருக்கின்றன, வெட்டும் பூசணியின் விதையைக் காயவைத்து எடுத்தும் வைக்கிறேன். ஆடியிலிருந்து தை வரைக்கும் எனக்கு யார் தயவும் வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கும் அவள் குரல் இருக்கிறது. அதற்கப்புறம்தான் திண்டாட்டம். மண்ணைக் கிளற வேண்டுமா, சும்மா விட வேண்டுமா? வெயிலில் காய விடலாமா? வீடியோக்களில் ஆயிரம் பேர் சொல்கிறார்கள், எனக்கு அதைக் கேட்கவே பிடிப்பதில்லை.

கடையில் பூசணி என்று சொன்னதும் பின்னாலிருந்து ‘ஏட்டி’ என்று கேட்குமா என்று நான் ஒரு நொடி காது கொடுத்து நிற்பேன். கடைக்காரரின் சலிப்புதான் கேட்கும். இப்போது மாசி நடக்கிறது. கீற்றைச் சமையலறையில் வைத்துவிட்டு மாடிக்கு வந்து, வெறும் மண் இருக்கும் வாளிகளுக்கு முன்னால், கையில் மாடிக் கதவின் சாவியோடு நிற்கிறேன். இதுக்கு என்ன செய்யணும், அக்கா?