சந்தனத்துக்கு அடியில்

அந்தப் பெண் டியூபை எடுத்தாள், ஒரு கணம் கையில் வைத்திருந்தாள், மறுபடியும் அலமாரியிலேயே வைத்துவிட்டாள். எனக்குப் புரியவே இல்லை. மந்தைவெளியில் அந்த மருந்துக் கடைக்கு இருபது வருடமாகப் போகிறேன். கேட்டதைக் கொடுப்பார்கள், காசை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. முன்பு இருந்தவர் நான் படியேறும்போதே எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்து கையை நீட்டுவார். இந்தப் பெண் வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. முப்பது வயது இருந்தால் அதிகம்.

"யாருக்கு மாமி?" என்றாள்.

"எங்காத்து மாமாவுக்கு. நெத்தியில சூட்டுக் கொப்பளம். அந்த வெள்ளை ஆயின்ட்மென்டைக் குடும்மா, அடுப்புல குக்கரை வெச்சுட்டு வந்திருக்கேன்."

"ஒரு பக்கம் மட்டும் இருக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. இடது பக்கம் மட்டும்தான். அதை நான் சொல்லவில்லையே!

"கொப்பளம் வர்றதுக்கு முன்னாடியே எரிச்சல் இருந்துச்சா மாமி?"

இருந்தது. திங்கட்கிழமை காலையில் காபி குடிக்கும்போதே என் கணவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "என்னமோ எரியறதுடி, ஊசியால குத்தறாப்ல இருக்கு" என்றார். பார்த்தேன். ஒன்றுமே இல்லை. "வெயில்ல தொப்பி இல்லாம வாக்கிங் போனா எரியாம என்ன பண்ணும்?" என்று ஒரு அதட்டல் போட்டு, சந்தனக் கல்லை எடுத்து இழைத்துப் பற்றுப் போட்டேன். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் சந்தனம்தான். தலைவலிக்குச் சந்தனம், வேர்க்குருவுக்குச் சந்தனம். புதன்கிழமை சிவப்பாகப் புள்ளிகள் வந்தன. உள்ளே இருந்த சூடு வெளியே வருகிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். பழைய பற்றின் மேலேயே புதுப் பற்றை அப்பினேன். மாடவீதியில் அவரைப் பார்த்த ஒரு மாமி, "மாமாவுக்குத்தான் என்ன தேஜஸ்!" என்று என்னிடம் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டேன். நான் கடைக்கு வந்தது வெள்ளிக்கிழமை.

"மாமாவைக் கூட்டிட்டு வாங்க. இந்தக் களிம்பு மட்டும் வேணாம். நான் நினைக்கிறதா இருந்தா, இதைப் போட்டா அது இன்னும் ஜாஸ்தியாகும்" என்றாள் அந்தப் பெண்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நெற்றியில் நாலு கொப்புளத்துக்கு இவளிடம் கொண்டுவந்து காட்ட வேண்டுமா? அடுத்த தெருவில் வேறு கடையா இல்லை? ஆனால் பார்க்காமலேயே ஒரு பக்கம்தான் என்று சோதிடம் மாதிரிச் சொன்னாளே, அது மனத்தை அரித்தது. வீட்டுக்குப் போய் குக்கரை இறக்கிவிட்டு, அவரை அழைத்துக்கொண்டு வந்தேன். அவர் வழியெல்லாம் கையால் இடது கண்ணை மறைத்துக்கொண்டே நடந்தார். வெயில் கூசுகிறது என்றார்.

கடையின் ஓரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு அவரை உட்கார வைத்தாள். கையுறை மாட்டிக்கொண்டு, பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, "துடைக்கலாமா மாமா?" என்று கேட்டுக் கேட்டுத் துடைத்தாள். ஐந்து நாள் சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடியில் இருந்ததைக் குனிந்து பார்த்தேன். புருவத்திலிருந்து தலைமுடி வரைக்கும் கொத்துக் கொத்தாக நீர்க் கொப்புளங்கள். நெற்றியின் சரிபாதியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நின்றிருந்தன. வலது பக்கம் ஒன்றுகூட இல்லை. இமை வீங்கியிருந்தது. கண்ணின் வெள்ளை சிவந்து கிடந்தது. ஒரே வீட்டில், ஒரே டேபிளில் சாப்பிடுகிறேன், இதை நான் பார்க்கவில்லை.

அவள் நெற்றியை விட்டுவிட்டு மூக்கைப் பார்த்தாள். நுனியில் கடுகு அளவுக்கு இரண்டு கொப்புளங்கள்.

"இது எப்ப வந்தது மாமா?"

"நேத்திக்கு. கொசுக்கடின்னா இவ" என்றார் அவர்.

"மாமி, இது அக்கி."

"அக்கியா? அக்கி இடுப்புலன்னா வரும்?"

"எங்க வேணா வரும். சின்ன வயசுல அம்மை போட்டிருக்கா மாமா?"

"பத்து வயசுல."

"அந்தக் கிருமிதான். நரம்புக்குள்ளேயே தூங்கிட்டிருந்து வயசானப்புறம் எழுந்திருக்கும். மூக்கு நுனியில வந்தா கண்ணுக்குள்ளயும் போயிருக்கலாம் மாமி. அதான் எனக்குப் பயமா இருக்கு."

முப்பது வருடம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தியவள் நான். வைரஸ் என்று கரும்பலகையில் எழுதி, படம் வரைந்து, பாகம் குறித்திருக்கிறேன். அந்தக் கடையில் வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.

"மாத்திரையாவது குடும்மா" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

"டாக்டர் சீட்டு இல்லாம குடுக்க மாட்டேன் மாமி. குடுத்தா அதை முழுங்கிட்டு வீட்டுலயே இருந்துடுவீங்க. கண் டாக்டர் பாக்கணும். இன்னிக்கே, இப்பவே. புள்ளி வந்து மூணு நாளைக்குள்ள மருந்து ஆரம்பிச்சா நல்லது." கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து, தெருவில் இறங்கி, கையை நீட்டி அவளே ஆட்டோவை நிறுத்தினாள்.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னா மாமி, சாருக்கு கண்ணு இப்படி செவந்துகினு கீது? கெட்டியா புச்சிக்க, சீக்கிரம் இட்டுனு போறேன்" என்றார். தெருவில் போகிறவருக்கெல்லாம் தெரிகிறது. லஸ் சிக்னலில் நிற்கும்போது விரல்விட்டு எண்ணினேன். புதன், வியாழன், வெள்ளி.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். "எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டார். "நேத்திக்கு" என்று சொன்னேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. என் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று, என் கணவரின் கண்ணை வைத்துக்கொண்டு பொய் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் எழுத ஆரம்பித்தார். பேனா நகர்வதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"இல்லை டாக்டர். திங்கட்கிழமையே எரியறதுன்னார். புதன்கிழமை புள்ளி வந்தது. நான்தான் சந்தனத்தை அப்பி மூடி வெச்சேன்."

டாக்டர் திட்டவில்லை. எழுதியதை அடித்துவிட்டுத் திருத்தினார். பிறகு அவருடைய வலது கண்ணை மூடச் சொல்லி, சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்.

அவர் படிக்கவில்லை. முதல் வரிசையில் ஒரே ஒரு எழுத்துதான், என் உள்ளங்கை அளவுக்கு இருந்தது. அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். "கலங்கலா இருக்கு" என்றார்.

"எத்தனை நாளா?"

"நேத்திக் கார்த்தாலேர்ந்து. பேப்பரை ஒரு கண்ணை மூடிண்டுதான் படிச்சேன்."

"ஏன்னா, எங்கிட்ட ஏன் சொல்லலை?" என்று டாக்டர் முன்னாலேயே கத்திவிட்டேன்.

அவர் வலது கண்ணை மூடிய கையை எடுக்காமலே சொன்னார்: "கண்ணு என்னமோ பண்றதுன்னேனே. போனை நோண்டாதேள்னு சொன்னே. அதுக்கப்புறம் எதுக்குத் திரும்பிச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

ஆமாம், சொன்னேன். தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்.

கருவிழியில் கிருமி இறங்கியிருந்தது. இன்னும் நாலு நாள் போயிருந்தால் எதுவும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது என்றார் டாக்டர். ஒரு நாளைக்கு ஐந்து வேளை மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து. அதே கடையில்தான் வாங்கினேன். அந்தப் பெண் சீட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, எந்த வேளைக்கு எது என்று அட்டையில் எழுதிக் கொடுத்தாள். நன்றி சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பார்வை தேறிவிட்டது. வெயிலில் மட்டும் ஒரு மெல்லிய புகை தெரிவதாகச் சொல்கிறார். நெற்றியில் இன்னமும் அவ்வப்போது அந்த எரிச்சல் வருகிறது. இப்போது காலையில் நான்தான் கேட்கிறேன், "எரியறதான்னா?" என்று. அவர் உடனே பதில் சொல்வதில்லை. முதலில் என் முகத்தைப் பார்க்கிறார், நான் எப்படி இருக்கிறேன் என்று. அதன் பிறகுதான் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்கிறார். நாற்பது வருடமாக அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.