புகைக்குழாயில் ஒரு குளவிக்கூடு

வேலணையில் எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் ஒரு காஸ் ஹீற்றர் இருக்கிறது. இந்த வெயிலுக்கு அது எதற்கென்று கேட்காத ஆளில்லை. கனடாவிலிருக்கும் என் தங்கையின் கணவர் முந்தி ஒருமுறை வந்தபோது, விடியப்புறத்துக் கிணற்றுத் தண்ணீர் குளிர்கிறதென்று வாங்கிப் பூட்டிவிட்டுப் போனார். அவர்கள் வந்தால் நான்கு கிழமை குளிப்பார்கள். மிச்ச நாளெல்லாம் அதைக் கட்டி அழுவது நான்தான்.

உப்புக்காற்று அதைச் சும்மா விடாது. அவர்கள் வரமுதல் வெளியே இருக்கும் சிலிண்டரின் வால்வை மூடிவிட்டு, ஹீற்றரின் மூடியைக் கழற்றி, நெருப்பு எரியும் துவாரங்களில் அடைந்திருக்கும் தூசியையும் சிலந்திவலையையும் காய்ந்த தூரிகையால் தட்டியெடுப்பேன். பிறகு வால்வைத் திறந்து, காஸ் வரும் குழாயின் பொருத்துகளில் சவர்க்கார நுரை பூசி, குமிழி வருகிறதா என்று பார்ப்பேன். கடைசியில் வீட்டுக்குப் பின்னால் போய், புகை வெளியேறும் குழாயின் வாயைப் பார்ப்பேன்.

இந்த முறை அந்த வாயில் முக்கால்வாசியைக் குளவி மண்ணால் மூடியிருந்தது. தங்கை அப்போது போனில் வீடியோவில் இருந்தாள். நான் உளியை எடுத்ததும் கத்தினாள்.

"அண்ணை, தொடாதேங்கோ! குளவி கூடு கட்டின வீட்டிலை பிள்ளை பிறக்கும். உடைச்சா வந்ததும் போயிடும்."

அவளுக்குக் கலியாணமாகிப் பதினொரு வருடம். ஊசி, மருந்து, நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி என்று அவள் செய்யாததில்லை. குளவிக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று வேறு யாரிடமாவது கேட்டிருப்பேன். அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"பிள்ளை, புகை வெளியாலை போகாட்டி உள்ளுக்குத்தான் திரும்பும். அந்த நச்சுக்கு மணமில்லை. குளிக்கிற ஆள் அப்பிடியே விழுந்திடும்" என்றேன்.

"அப்ப ஹீற்றரைப் போடாம விடுவம். இவருக்கு மட்டும் கூட்டைப்பற்றிச் சொல்லாதேங்கோ, சிரிப்பார்."

பாம்பும் சாகாமல் தடியும் முறியாமல் நானும் ஒரு வழி கண்டுபிடித்தேன். கூட்டைத் தொடவில்லை. சிலிண்டரின் வால்வை மூடிவிட்டேன். இரண்டு பேரும் வந்திறங்கியதும் மச்சானிடம் ஹீற்றர் பழுது, போட வேண்டாம் என்றேன். காலையில் எழும்பி விறகு வைத்துக் கிடாரத்தில் சுடுதண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். தங்கை தினமும் தேத்தண்ணிக் கோப்பையோடு பின்பக்கம் போய்க் கூட்டைப் பார்த்துவிட்டு வருவாள். அவள் முகத்தில் நான் வருடக்கணக்காகக் காணாத ஒரு தெளிவு. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் எதையும் சொல்ல ஏலவில்லை.

மச்சான் சும்மா இருக்கிற ஆளில்லை. அங்கே அவர் வீட்டில் எது பழுதானாலும் அவரே கழற்றிப் பூட்டுவாராம். நான்காம் நாள் காலை நான் சந்தைக்குப் போயிருந்தபோது ஹீற்றரைத் திறந்து பார்த்திருக்கிறார். எல்லாம் துப்புரவாகத்தான் இருந்தது, துப்புரவாக்கியவன் நானல்லவா. சிலிண்டர் வால்வு மூடிக் கிடந்ததைக் கண்டு, இதுதான் அந்தப் பெரிய பழுதென்று சிரித்துக்கொண்டு திறந்திருக்கிறார். பிறகு கதவையும் யன்னலையும் சாத்திவிட்டுக் குளிக்கப் போனார்.

நான் சைக்கிளை நிறுத்தும்போது தங்கை குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே தண்ணீர் ஓடியது, ஆள் சத்தமில்லை. ஓடிப்போய்ச் சிலிண்டரின் வால்வை மூடினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவைத் தோளால் இடித்துத் திறந்தேன். சுவரோடு சரிந்து கிடந்தார். இரண்டு பேருமாக இழுத்து முற்றத்து மாமரத்தடியில் கிடத்தினோம். தங்கை அவர் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து வாந்தி எடுத்தார். ஓட்டோ பிடித்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆள் இல்லை என்றார் டொக்டர்.

ஒட்சிசன் கொடுத்து இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த அன்று பின்னேரம், அவர் நித்திரையானதும், தங்கை உளியையும் தூரிகையையும் கொண்டுவந்து என் கையில் தந்தாள்.

"உடையுங்கோ அண்ணை."

தட்டினேன். சூடு பட்ட மண் பொலுபொலுவென்று உதிர்ந்தது. உள்ளே குளவி அடைத்துவைத்த சிலந்திகளுக்கு நடுவில் வெள்ளையாய் ஒரு சின்னப் புழு, காய்ந்து சுருண்டு கிடந்தது. மறைக்கப் பார்த்தேன். அவள் அதற்குள் பார்த்துவிட்டாள்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. குழாயின் வாயை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"எனக்குப் பிள்ளை ஆசை. விசர் பிடிச்ச மாதிரித்தான் கதைப்பன்" என்றாள். "உங்களுக்கு எல்லாம் தெரியும். நான் வேண்டாமெண்டு சொன்னாப்போலை, நீங்கள் ஏன் அண்ணை உடைக்காம விட்டனீங்கள்?"